33 அங்குல டயர் உங்கள் பிக்கப்புக்குப் பொருந்துமா?

கேள்வி: என் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் வண்டியோடு வந்த 265/65 ஆர்17 டயர்கள் தேய்ந்துவிட்டன. 20 அங்குல அலாய் வீலும் 33 அங்குல டயரும் மாட்டினால் வண்டி நன்றாக உயரும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும், ஒரு பிரச்சினையும் வராது என்று டயர் விற்பவர் சொல்கிறார். வாரத்தில் பாதி நாள் பின்னால் பாரம் ஏற்றுகிறேன். மாற்றலாமா?

பதில்: பாரம் ஏற்றும் வண்டிக்கு அவர் சொல்லும் ஜோடி வேண்டாம். 17 அங்குல வீலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் சிறிது கூடத்தான் வேண்டுமென்றால் 265/70 ஆர்17 டயர் வரை போகலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

டயரின் மேல் எழுதியிருப்பதில் 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. 17 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று விதமான கணக்கைக் கலந்து எழுதிவிட்டு, வாங்குபவர் தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற இந்தத் துறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. கணக்குப் போட்டால் இப்போதைய டயரின் மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 33 அங்குல டயர் 838 மில்லிமீட்டர். விட்டம் 62 மில்லிமீட்டர் கூடினாலும் அச்சுக்கும் தரைக்கும் இடையில் சேர்வது அதில் பாதியான 31 மில்லிமீட்டர்தான். கடையில் உங்களுக்குச் சொல்லப்படுவது முழு 62.

இந்த 8 சதவீதப் பெருக்கத்துக்கு வண்டி வேறு இடங்களில் விலை கொடுக்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் முன்பு சென்றதைவிட 8 சதவீதம் வேகமாகச் சென்றுகொண்டிருப்பீர்கள். ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாவதால் ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். பிரேக் அதே அளவில் பிடித்தாலும் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். எஞ்சினின் இழுவையும் அதே அளவுக்குக் குறையும். பாரத்தோடு மேட்டில் ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கும்போதும், இதை நன்றாக உணர்வீர்கள். 265/70 ஆர்17 என்றால் விட்டம் 803 மில்லிமீட்டர், கூடுதல் மூன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இனி 20 அங்குல வீல். உங்கள் பாரத்தைச் சுமப்பது டயருக்குள் அடைபட்ட காற்று. குழியில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது பக்கச்சுவர். இப்போது உங்கள் பக்கச்சுவர் 172 மில்லிமீட்டர். அவர் சொல்லும் பெரிய டயரில், வீலும் பெரிதாகிவிடுவதால், அது 165 ஆகக் குறைந்துவிடுகிறது. டயர் பெரிதாகியும் மெத்தை மெலிகிறது.

நீங்கள் கேட்டே ஆக வேண்டிய எண், அளவுக்குப் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் லோட் இண்டெக்ஸ். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும்; 107 என்றால் 975 கிலோ. ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடை இருக்கும்; அதில் பாதியை ஒவ்வொரு பின் டயரும் தாங்க வேண்டும். கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் தாங்குதிறனை 1.1-ஆல் வகுத்தே கணக்கில் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 110 சொல்கிறது. எங்கும் பின்பற்றத் தகுந்த கணக்கு அது. உதாரணமாகப் பின் அச்சுக்கு 1,900 கிலோ என்றால் டயருக்கு 950. 112 எண்ணுள்ள டயர் வகுத்த பிறகும் 1,018 தாங்கும், போதும். 107 எண்ணுள்ளது 886-க்கு இறங்கிவிடும், போதாது. இரண்டும் ஷோரூம் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் மின்னும்.

விற்பவர் உடனே, ‘இது எல்.டி. டயர், லாரி போலத் தாங்கும்’ என்பார். எல்.டி. எனப்படும் இலகு லாரி வகை டயரின் பக்கச்சுவரில் எழுதியுள்ள உச்ச பாரம், அதனுடன் எழுதியுள்ள காற்றழுத்தத்தில் மட்டுமே பொருந்தும். ‘ஈ’ (E) என்ற பாரப் பிரிவு டயரில் அந்த அழுத்தம் பொதுவாக 80 பி.எஸ்.ஐ. கதவோரத்து ஸ்டிக்கர் பழைய டயருக்கு எழுதிய அழுத்தத்தையே காற்று நிரப்புபவர் வைத்துவிட்டால் டயர் மிகக் குறைவாகத்தான் தாங்கும், சூடேறி வெடிக்கவும் வாய்ப்புண்டு. எனவே டயர் நிறுவனத்தின் பார அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதன்படி அழுத்தம் வையுங்கள். அப்படி ஓர் அட்டவணை இருப்பதே பல கடைகளுக்குத் தெரியாது. வாகன ஆய்விலும் இதையெல்லாம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தாங்குதிறனை யாருடைய பொறுப்பும் இல்லாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அலாய் வீலில்தான் இடைத்தரகர்கள் அதிகம். ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம் என்பது பல பிக்கப்புகளுக்குப் பொது. அதனால் ‘எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்’ என்று விற்றுவிடுவார்கள். ஆனால் நடுத்துளையும் ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) வண்டிக்கு வண்டி மாறும். நடுத்துளை சிறிதாக இருந்தால் வீல் ஹப்பில் உட்காராது. ஆஃப்செட் தவறினால் வீல் வெளியே தள்ளி நின்று பேரிங்கைத் தின்னும், அல்லது உள்ளே சஸ்பென்ஷனில் உரசும். உரசினால் வீலை வெளியே தள்ள இடையில் ஸ்பேசர் தகடு போடலாம், மட்கார்டு பிளாஸ்டிக்கை வெட்டலாம் என்பவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். வீலின் உட்புறத்தில் தாங்குதிறன் கிலோவில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய பெயர் முன்னால் எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். ‘சலுகை’ டயர் என்றால் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் மாடலின் உயர்ந்த வகையில் நிறுவனமே 18 அங்குல வீல் தந்தால், உதாரணமாக 265/60 ஆர்18, அதை மாட்டலாம். மொத்த விட்டம் 775 மில்லிமீட்டர் என்பதால் ஸ்பீடோமீட்டரும் பிரேக்கும் பழையபடியே இருக்கும். ஆனால் அந்த உயர்ந்த வகையும் உங்கள் வண்டியும் ஒரே ஆண்டுத் தலைமுறையாக இருக்க வேண்டும். அதன் பின் அச்சு எடை உங்களுடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், ஏனெனில் சொகுசு வகைக்குக் குறைந்த பாரமே அனுமதிக்கப்பட்டிருக்கலாம். நட்டும் அந்த வீலுக்கு உரியதாக இருக்க வேண்டும், கூம்பு நட்டும் தட்டை நட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. இந்த மூன்றும் சரியாக இருந்தாலும், பாரம் ஏற்றும் உங்களுக்கு இதனால் கிடைப்பது தோற்றம் மட்டும்தான்.

எதை மாட்டினாலும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் விட்டம் மாறிய ஒரு சக்கரம் கியர் பெட்டியைக் கெடுக்கும். புதிய வீல் என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். டயரின் முழு அளவையும் லோட் இண்டெக்ஸையும் பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள்.