கம்மி பட்ஜெட்ல ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கலாமா, இல்ல சவுண்ட்பாரே போதுமா?

கேட்டவர் சொல்லியிருக்கிறது இவ்ளோதான்: ஹால் 12க்கு 16, 55 இன்ச் டிவி, வயசான அம்மா அப்பா கூட இருக்காங்க, வசனம் தெளிவா கேக்கணும், பட்ஜெட் ரொம்ப இல்ல, ரிசீவர் செட் பண்றது பெரிய தலைவலின்னு எல்லாரும் சொல்றாங்க, பேசாம சவுண்ட்பார் வாங்கிடவா. அந்த "எல்லாரும் சொல்றாங்க"ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல. எங்க வீட்லயும் எல்லாரும் அதையேதான் சொன்னாங்க.

வசனம்தான் உங்களுக்கு முக்கியம்னா ரிசீவரே (டிவி சத்தத்தை வாங்கி தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிச்சுக் குடுக்கிற பொட்டி) வாங்குங்க. படத்துல பேசுறதுல பெரும்பகுதி நடு சேனல்லதான் (நடு ஸ்பீக்கருக்குன்னு பிரிச்சு வச்ச சத்தம்) வரும், அதுக்குன்னு தனியா ஒரு சென்டர் ஸ்பீக்கர் இருந்து, அதோட சத்தத்தை மட்டும் ஏத்தவும் இறக்கவும் முடிஞ்சா பாதி பிரச்சனை அங்கயே தீந்துது. சவுண்ட்பார்லயும் சென்டர் சேனல் வச்சது இருக்கு, நல்லாவும் இருக்கு, வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு சண்டைக்கு வராதீங்க. ஆனா பார்ல ஒரு போர்டு போச்சுன்னா மொத்தமும் போச்சு. ரிசீவர் பழுதானா ஸ்பீக்கர் மிஞ்சும், இன்னைக்கு சென்டரும் முன்னாடி ரெண்டும் மட்டும் வாங்கிட்டு அடுத்த போனஸ்ல சப்வூஃபர் (கனமான பாஸ் சத்தத்துக்குன்னு இருக்கிற தனி ஸ்பீக்கர்), அப்புறம் பின்னாடி ரெண்டுன்னு சேத்துக்கலாம். பட்ஜெட் இறுக்கமா இருக்கவங்களுக்கு இதுதான் சௌகரியம்.

என் கதை என்னன்னா, எங்க அப்பாவுக்கு. மிஷின் சத்தத்துக்கு நடுவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், காது கொஞ்சம் மந்தம். வயசானா முதல்ல போறது மேல் ஸ்தாயி சத்தம்தான், ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு, அதனால சத்தம் கேக்கும், பேசுறது புரியாது. டிவி வால்யூமை ஏத்துவார், உடனே பாட்டு வரும், அம்மா சமையல்கட்டுலேர்ந்து கத்துவாங்க, குறைப்பார், திரும்ப புரியாது. கொஞ்சம் கொஞ்சமா டிவி பாக்கிறதையே விட்டுட்டு திண்ணையில போய் உக்கார ஆரம்பிச்சுட்டார். அதை என்னால பாத்துட்டு இருக்க முடியல. (காது மிஷின் இருக்கேன்னு கமெண்ட்ல வந்து சொல்லாதீங்க, அதுவும் இருக்கு, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. இது அதுக்கு மேல.)

திருச்சியில ஒரு பெரிய கடைக்குப் போனோம், பேர் வேணாம். நான் ஏற்கனவே படிச்சு, ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயர் வழியாவே ரிசீவருக்கு அனுப்புற வசதி) இருக்கணும், ரூமை அளவெடுக்கிற மைக் கூட வரணும், சென்டரைத் தனியா ஏத்த முடியணும்னு எழுதி வச்சுக்கிட்டுப் போனேன். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னது என் வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் "அவங்ககிட்ட சொல்லுங்க, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது"ன்னு ரெண்டு தடவை சொல்லியும் அந்த ஆள் திரும்பல. மேடத்துக்கு அழகா வெள்ளைக் கலர்ல ஒரு பார் இருக்கு, ஹாலுக்கு மேட்ச் ஆகும்னார். இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரியும், ஆனா இதை எங்கயாவது சொல்லணும். கார் ஷோரூம்லயும் இதேதான், இன்வெர்ட்டர் வாங்கப் போனாலும் இதேதான். காசு குடுக்கிறது நான், கார்டு என்னுது, பின் நம்பர் போடும்போது மட்டும் மிஷினை என் பக்கம் நீட்டுறாங்க. வெளிய வந்துட்டேன். வேற ஒரு சின்னக் கடையில, பொறுமையா டெமோ போட்டுக் காட்டின ஒரு பையன்கிட்ட வாங்கினேன்.

வாங்கினது யமஹா ஆர்எக்ஸ்-வி385. 5.1 சேனல் (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), நாலு எச்டிஎம்ஐ உள்ள வர, ஒண்ணு வெளிய போக, ப்ளூடூத், கூடவே ஒரு மைக். அட்மாஸ் (தலைக்கு மேலேர்ந்தும் சத்தம் வர்ற மாதிரி பண்ற டால்பி முறை) கிடையாது. அட்மாஸ் இல்லாம இப்ப யாராவது வாங்குவாங்களான்னு கேக்கிறவங்களுக்கு: அட்மாஸ் படம் இதுல 5.1ஆ நல்லாவே ஓடும், நிக்காது. மேல ஸ்பீக்கர் மாட்டுறதுக்கு சீலிங்ல இடமும் இல்ல, காசும் இல்லன்னா அந்தக் காசை சென்டர் ஸ்பீக்கர்ல போடுங்க. கண்டிப்பா அட்மாஸ் வேணும்னா சோனி எஸ்டிஆர்-டிஹெச்790 மாதிரி 7.2 மாடல் தேடணும், விலையும் ஏறும், கூட ரெண்டு ஸ்பீக்கரும் ஆகும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒண்ணு மட்டும் பாருங்க, பொட்டிக்குள்ள அளவெடுக்கிற மைக் இருக்கான்னு. ரொம்ப விலை கம்மியான சில மாடல்கள்ல அது வராது.

வாட்ஸ் பத்தி கடையில நிறையச் சொல்லுவாங்க. ஒரே ரிசீவருக்கே ஒரு இடத்துல 70ன்னும் இன்னொரு இடத்துல 130, 140ன்னும் போட்டிருப்பான். பெரிய நம்பர் ஒரே ஒரு சேனலை ஓட்டி, 10 சதவீதம் சத்தம் உடையிற வரைக்கும் ஏத்தி எடுத்தது. ரெண்டு சேனல் ஓட்டி 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் (காதுக்குக் கேக்கிற முழு வீச்சு) எடுத்த நம்பர்தான் நம்பக்கூடியது, சின்னதா இருக்கும், பயப்படாதீங்க. பவர் ரெண்டு மடங்கானா வெறும் 3 டெசிபல்தான் கூடும். 85 டெசிபல் சென்சிடிவிட்டி (அதே பவருக்கு எவ்ளோ சத்தம் குடுக்கும்ங்கிற கணக்கு) ஸ்பீக்கருக்குப் பதிலா 88 வாங்கினா அதே 3 டெசிபல் ஸ்பீக்கர்லயே கிடைச்சுடுது. 12க்கு 16 ஹாலுக்கு எந்த நல்ல கம்பெனியோட சின்ன ரிசீவரும் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ண ஆம்ப் இதைவிட பாதி விலைக்கு அதிரும்னு சொல்றவங்க இருக்காங்க. அதிரும், நான் மறுக்கல, கேட்டிருக்கேன். எனக்கு வேண்டியது அதிர்வு இல்ல, அப்பாவுக்கு வார்த்தை புரியணும், அதுக்கு ரூம் அளவெடுக்கிற வசதி வேணும்.

இனி செட் பண்றது, உண்மையான வேலை இங்கதான். மாட்டிக் குடுக்க ஒரு தம்பி வந்தார், அரை மணி நேரத்துல வயர் இழுத்து, சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸ் பொந்துக்குள்ள தள்ளி, சப்வூஃபரை மூலையில வச்சு, மைக்கை சோபா மேல போட்டு பட்டனை அமுக்கிட்டுக் கிளம்பிட்டார். அவரைக் குறை சொல்லல, ஒரு நாளைக்கு அவருக்கு அஞ்சாறு வீடு. ஆனா அப்பா உக்காருறது சோபாவுல இல்ல, ஓரத்துல இருக்கிற சாய்வு நாற்காலியில. அந்தத் தம்பி போனப்புறம் எல்லாத்தையும் நான் முதல்லேர்ந்து பண்ணேன்.

சென்டரை பொந்துலேர்ந்து வெளிய இழுத்து ஷோகேஸ் விளிம்பு வரைக்கும் கொண்டுவந்து, அடியில ரப்பர் குடுத்து லேசா மேல் நோக்கி, உக்காந்தவர் காதைப் பாக்கிற மாதிரி சாய்ச்சேன். இது ஒண்ணுக்கே குரல் பானைக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருந்தது மாறிப்போச்சு. முன்னாடி ரெண்டையும் உக்காருற இடத்துலேர்ந்து பாத்தா நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 30 டிகிரி வாக்குல, பின்னாடி ரெண்டை பக்கவாட்டுக்குக் கொஞ்சம் பின்னால, 110 டிகிரி கிட்ட. அச்சு அசலா அப்படியே வராது, நம்ம ஹால்ல ஒரு பக்கம் வாசக்கதவு, ஒரு பக்கம் சாமி ரூம், முடிஞ்ச அளவுக்கு வைங்க, மிச்சத்தை மைக் பாத்துக்கும்.

மைக்கை அப்பா நாற்காலியில, அவர் காது உயரத்துக்கு கேமரா ஸ்டாண்டுல வச்சேன். ஃபேனை நிறுத்தணும், ஜன்னலை சாத்தணும், யாரும் பேசக்கூடாது. எங்க வீட்ல நடுவுல குக்கர் விசில் அடிச்சு "ஈ-5 நாய்ஸி"ன்னு வந்து நின்னுடுச்சு, அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டேன். அப்புறம் "டபிள்யூ-1 அவுட் ஆஃப் ஃபேஸ்"னு காட்டுச்சு. அப்படின்னா ஏதோ ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு. போய்ப் பாத்தா இடதுபக்கப் பின் ஸ்பீக்கர்ல தம்பி மாத்தி சொருகியிருக்கார். இந்த எச்சரிக்கை வந்தா சும்மா ஓகே குடுத்துத் தாண்டாதீங்க, வயரைப் பாருங்க. (சில ஸ்பீக்கருக்கு வயர் சரியா இருந்தும் வரும், பாத்துட்டு விட்டுடலாம்.)

அளவெடுத்து முடிச்சதும் மெனுவுல போய் ரெண்டு விஷயம் கையால மாத்தணும். முன் ஸ்பீக்கரை அது "லார்ஜ்"னு போட்டிருந்தா "ஸ்மால்" ஆக்கி கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழ இருக்கிற சத்தம் சப்வூஃபருக்குப் போகணும்ங்கிற கோடு) 80 ஹெர்ட்ஸ் வைங்க, ஸ்பீக்கர் ரொம்பப் பொடிசா இருந்தா 100, 120. கனமான பாஸ் எல்லாம் சப்வூஃபருக்குப் போயிடும், சின்ன ஸ்பீக்கர் திணறாது. சப்வூஃபர் பின்னாடி இருக்கிற கிராஸ்ஓவர் குமிழை முழுசாத் திருகி வைங்க, பிரிக்கிற வேலையை ரிசீவர் பாக்கட்டும். சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிட ரொம்ப அதிகமாக் காட்டுதேன்னு டேப் வச்சு அளந்து மாத்தாதீங்க, அதுக்குள்ள இருக்கிற சர்க்யூட்னால ஆகிற தாமதத்தையும் சேத்துத்தான் அது சொல்லுது. அப்புறம் சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் ஏத்தினேன், ராத்திரிக்குன்னு டிஆர்சியை ஆன் பண்ணேன், மெல்லிசா பேசுறது கொஞ்சம் மேல வரும், வெடி சத்தம் கொஞ்சம் அடங்கும். சத்தத்தை எதுவும் மாத்தாம அப்படியே கேக்கணும்ங்கிறவங்களுக்கு இது பிடிக்காது. எனக்குத் தெரியும், பரவாயில்ல.

டிவி பக்கம்: ஏஆர்சின்னு எழுதின எச்டிஎம்ஐலேர்ந்து ரிசீவரோட எச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒரே வயர். டிவியில சிஇசி (டிவியும் ரிசீவரும் எச்டிஎம்ஐ வழியா ஒண்ணையொண்ணு கட்டுப்படுத்துற வசதி) ஆன்ல இருக்கணும், அதை சாம்சங்ல எனிநெட்னு, எல்ஜில சிம்ப்லிங்க்னு, சோனில பிராவியா சிங்க்னு போட்டிருப்பான். ஆடியோ அவுட்டை பிசிஎம்லேர்ந்து ஆட்டோ இல்லன்னா பாஸ்த்ரூவுக்கு மாத்துங்க. இதை விட்டா வெறும் ஸ்டீரியோதான் வரும், ரிசீவர் சரியில்லன்னு திட்டிட்டு இருப்பீங்க. கேபிள் சேனல் பெரும்பாலும் ஸ்டீரியோதான், அப்படியே கேட்டா சென்டர் சும்மா இருக்கும், ரிமோட்ல சரவுண்ட் டீகோட் மோட் போடுங்க, பேச்சு நடுவுக்கு வந்துடும். அப்பா பட்டிமன்றமும் நியூஸும் பாக்கிறது இப்படித்தான். சப்வூஃபர்ல "ம்ம்ம்"னு இழுத்துக்கிட்டே இருந்தா செட்டாப் பாக்ஸ்க்கு வர்ற கேபிள் வயரைக் கழட்டிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா அதுதான் காரணம், ரிசீவரைத் தூக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேணாம்.

எங்க ஹால் முழுக்க டைல்ஸ், எதிரொலி அள்ளும். டிவி முன்னாடி ஒரு பவானி ஜமுக்காளம் விரிச்சு, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். எந்த செட்டிங்கும் குடுக்காத தெளிவு அதுல கிடைச்சுது. இப்ப அப்பா அரசியல் விவாதத்துல யார் என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கே திருப்பிச் சொல்றார், அம்மாவும் வால்யூமைக் குறைக்கச் சொல்றதில்ல. ரிசீவர் தண்டச்செலவுன்னு சொன்ன என் தம்பி ஊருக்கு வந்தப்ப படம் முழுசா உக்காந்து பாத்துட்டு மாடல் நம்பர் கேட்டான்.

புதுசு வாங்க முடியலன்னா பழசும் தாராளமா வாங்கலாம். ஏஆர்சி 2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4லயே இருக்கு, எல்லாத்தையும் டிவியில சொருகிட்டு சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்பினா அது 4கே தாங்காதுங்கிறது ஒரு பொருட்டே இல்ல. அமெரிக்காவுலேர்ந்து சொந்தக்காரர் கொண்டுவந்ததுன்னு யாராவது வித்தா பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க, 120 வோல்ட் மட்டும்னு இருந்தா நம்ம 230ல போட்ட நிமிஷம் புகைஞ்சுடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அந்தச் செலவையும் கணக்குல சேருங்க. வாங்குறப்ப எல்லா சேனலும் பேசுதா, எச்டிஎம்ஐ எல்லாம் வேலை செய்யுதான்னு அங்கயே போட்டுப் பாருங்க. மைக்கைக் கேட்டு வாங்குங்க, தொலைஞ்சுடுச்சுன்னு சொன்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க, ஏன்னா வேற கம்பெனி மைக்கை சொருகினா அளவு தப்பாத்தான் வரும்.