வெறும் வயிற்றில் எடை தூக்கினால் தசை கரைந்துவிடுமா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை, விடியற்காலையில்தான் ஜிம்முக்குப் போக முடிகிறது, வெறும் வயிற்றில் எடை தூக்கினால் தசை கரையுமா, முடித்த அரை மணிக்குள் புரோட்டீன் பவுடர் குடித்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரையாது. பவுடரும் கட்டாயமில்லை.

சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அதைச் சொல்லிக்கொண்டு ஜிம்முக்கு வருகிற வேலூர்ப் பையன்கள்கூட முதலில் கேட்பது எந்த பவுடர், எத்தனை மணிக்கு என்றுதான். எடைப் பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை ஒரு நாளாவது கூடுதல் வேகத்தில் நடக்கிறது. அரை மணியில் ஷட்டர் இறக்குகிற கடையில்லை அது. 2013இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஷோன்ஃபெல்ட் குழு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, நேரம் பார்த்துப் புரதம் எடுத்ததால் வந்ததாகத் தோன்றிய பலன், மொத்தப் புரத அளவைக் கணக்கில் சேர்த்ததும் காணாமல் போனது.

ஆக, பார்க்க வேண்டியது ஒரு நாளின் மொத்தப் புரதம். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் என்றால், 65 கிலோ ஆளுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். நம் சாப்பாடு இடறுவது இங்கேதான். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ராத்திரி தோசை என்று ஓட்டினால் பாதியைத் தொடுவதே கஷ்டம். முட்டை ஒன்றில் 6 கிராம், 50 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. நம்ம பக்கத்து மல்லாட்டையும் (வேர்க்கடலை) நல்லதுதான், ஆனால் கொழுப்பு அதிகம். ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

முந்தின ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அது போதும். கடைசி செட்டுகளில் தலை கிறுகிறுத்தால் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் முட்டையோடு டிபன் சாப்பிடுங்கள், சரியாகிவிடும்.

வயிறு நிறைய உண்டுவிட்டுத் தூக்குவதுதான் உண்மையிலேயே தொல்லை. ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போட்டால் குனியும்போதே தெரியும்! இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஷிப்ட் மாறுகிற வாரம் சாயங்காலம் போனால், ஐந்து மணிக்குக் கொஞ்சம் சுண்டல், ஏழு மணிக்குப் பயிற்சி, அப்புறம் ராத்திரிச் சாப்பாடு. சாயங்காலம் பலம் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் காலையிலேயே பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் குறைந்துவிடும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரக் கூரை ஜிம்மில் வெறும் வயிற்றைவிட வெக்கைதான் ஆளைச் சாய்க்கும். அந்த மாதங்களில் விடியற்காலையே மேல்.

ஒன்று மட்டும்: சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் தூக்க வேண்டாம். சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.