பிசினஸ் லாவை எங்கிருந்து தொடங்குவது? ஒரு பில்லில் இருந்து

“மும்பையில் பி.எம்.எஸ். (மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பு) முதல் வருடம் படிக்கிறேன். பிசினஸ் லா புத்தகத்தைத் திறந்தாலே செக்‌ஷன் நம்பராகக் கொட்டுகிறது. அடிப்படையாக எதைப் புரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே பாடத்தைப் படித்தவன்தான். 68 மார்க். எங்கள் வீடு தாராவியில், 90 அடி சாலைப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து தோல் பைப் பட்டறை வைத்திருந்தார்கள். அந்தப் பட்டறையின் ஒரு பில் மூன்று வருடத்துக்கு மேல் வசூலாகாமல் கிடந்தது, அதை எப்படி வசூலிப்பது என்பதற்கு என்னுடைய 68 மார்க் பத்து பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. அதனால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பில்லை வைத்தே சொல்கிறேன்.

2014 தீபாவளி சீசனுக்காக, செப்டம்பரில், ஒரு மொத்தக் கடைக்காரர் போனில் ஆர்டர் சொல்லி 340 லேடீஸ் பேக் எடுத்தார். ஒன்று 700 ரூபாய், மொத்தம் 2,38,000. சரக்கு இறங்கியதும் 60,000 கொடுத்தார். மீதிக்கு “தீபாவளி போகட்டும்”, அப்புறம் “கல்யாண சீசன் வரட்டும்”, அப்புறம் போனையே எடுப்பதில்லை. 2018 ஜனவரியில்தான் மாட்டுங்காவில் ஒரு தமிழ் வக்கீலிடம் போனோம். அப்பா பாக்கித் தொகையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்க, அவர் கேட்டது இரண்டே கேள்வி: “ஃபர்மை ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா அண்ணாச்சி? பில் தேதி என்ன?”

இரண்டுக்குமே எங்களிடம் நல்ல பதில் இல்லை.

முதல் கேள்வி ஏன்? 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 69வது பிரிவு. பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்யாமல் தொழில் நடத்துவது குற்றமே இல்லை, யாரும் வந்து பட்டறைக்குப் பூட்டுப் போட மாட்டார்கள், ஆனால் பதிவில்லாத ஃபர்ம், ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் நம் மீது போடலாம்! முத்திரைத்தாளில் எழுதிய பார்ட்னர்ஷிப் பத்திரத்தைச் சித்தப்பா பதினைந்து வருடமாகப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார், அதுவே பதிவு என்று நினைத்துக்கொண்டு.

இரண்டாவது கேள்வி காலவரம்பு. 1963 சட்டப்படி இந்த மாதிரிப் பாக்கிக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். செப்டம்பர் 2017லேயே எங்கள் கதை முடிந்துவிட்டது. அப்பா முகம் செத்துப்போய்விட்டது. வக்கீல்தான் விடாமல் “நடுவுல ஏதாவது கொடுத்தானா, எங்கயாவது கையெழுத்துப் போட்டானா?” என்று கேட்டார். அப்பாவின் சிவப்பு அட்டை கணக்கு நோட்டில் இருந்தது: 2016 மார்ச்சில் 20,000 கொடுத்துவிட்டு, அப்பா எழுதிய “பாக்கி 1,58,000” என்ற வரிக்குக் கீழே அந்தக் கடைக்காரரே நீல பேனாவில் தேதியோடு கோணலாகப் போட்ட கையெழுத்து. அப்பா அதை வாங்கியது சட்டம் தெரிந்து அல்ல, பழக்கதோஷம். ஆனால் காலவரம்பு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். 2019 மார்ச் வரை எங்களுக்கு நேரம் கிடைத்தது. ஃபர்மைப் பதிவு செய்தோம், நோட்டீஸ் போனது, மூன்று தவணையில் பணம் வந்தது. கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை.

சரி, பாடத்துக்கு வருகிறேன். “போனில்தானே ஆர்டர், ஒப்பந்தமே இல்லையே” என்று நான் அன்றைக்கு மேதாவித்தனமாகக் கேட்டேன். வக்கீல் சிரித்துவிட்டார். 1872 ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எழுத்தைக் கேட்பதில்லை. ஒருவர் கேட்டு, மற்றவர் சம்மதித்து, பொருளுக்குப் பணம் என்று மறுபயன் இருந்து, இருவரும் தகுதியானவர்களாக இருந்து, செய்கிற காரியம் சட்டவிரோதமாக இல்லாமல் இருந்தால் போதும். எழுத்து தேவைப்படுவது நிரூபிக்கத்தான். எங்களிடம் கடை சீல் போட்ட டெலிவரி சலான் இருந்தது. தகுதி என்பதில் முதல் விஷயம் வயது, 18. நான் ஒப்பித்துக்கொண்டிருந்த 1903 மோஹரி பீபி வழக்கு இதைத்தான் சொல்கிறது: மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. முதல் வருட மாணவர் என்கிறீர்கள், 17 வயதென்றால் உங்களுக்கே பொருந்தும்.

அடுத்தது, சட்டத்தின் கண்ணில் “ஆள்” யார் என்பது. என்னைக் கேட்டால் பாடத்திலேயே இதுதான் சுவையான இடம். பார்ட்னர்ஷிப்பில் ஃபர்ம் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. தொழிலுக்காகச் சித்தப்பா கடன் வாங்கினால் அப்பாவின் வீடும் சேர்ந்து மாட்டும். கம்பெனி அப்படியில்லை. 1897 சாலமன் வழக்கைப் படியுங்கள். அவரும் தோல்காரர்தான், லண்டனில் பூட்ஸ் செய்தவர். தொழிலைக் கம்பெனியாக மாற்றி, 20,007 பங்கில் 20,001 தானே வைத்துக்கொண்டு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கம்பெனி நொடித்தபோது, கடனை அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று, அன்றைக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது “கெட்டிக்காரன்” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கொடுத்தார்.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் “சப்ஜெக்ட் டு மும்பை ஜூரிஸ்டிக்‌ஷன்” என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்பது இதில் இருக்கிறது. 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஏபிசி லாமினார்ட் வழக்கில் குஜராத் விற்பனையாளர் “கைரா” என்று போட்டிருந்தார், வாங்கியவர் சேலத்துக்காரர். கைராவில் மட்டும் என்று திட்டவட்டமாக எழுதாததால் சேலம் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்றார்கள். 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் “மட்டும்” என்ற சொல் இல்லாவிட்டாலும் அதே அர்த்தம் வரலாம் என்று சொன்னார்கள். பரீட்சையில் முதல் வழக்கை மட்டும் எழுதினால் அரை மார்க் போகும். இன்னொன்று, சம்பந்தமே இல்லாத ஊர் கோர்ட்டுக்கு இப்படி எழுதி அதிகாரம் கொடுக்க முடியாது.

அப்புறம், சிறு தொழில்களுக்கான 2006 சட்டம். பதிவு செய்த குறு, சிறு தொழிலிடம் சரக்கு எடுத்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. நாங்கள் அந்த 340 பையைக் கொடுத்தபோதே இந்தச் சட்டத்துக்கு எட்டு வயது. எங்களுக்குத்தான் தெரியாது. இப்போது உத்யம் என்கிற அந்தச் சிறு தொழில் பதிவு ஆன்லைனில், இலவசமாகவே முடிந்துவிடுகிறது.

செக் பவுன்ஸ் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதில் அளவுக்கு நீளும். தனிக் கேள்வியாகப் போடுங்கள், எழுதுகிறேன்.