சிற்றில் கட்டப் பழகும் பத்து வாரங்கள்: ஒரு தகப்பனுக்கு எழுதிய பதில்

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கொழும்பில் கட்டடக்கலைப் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் தங்கள் மகள், வருகிற யூன் மாதம் தொடங்கும் பத்து வார உள்ளகப் பயிற்சிக்காக அமெரிக்கா சென்று, மிகச் சிறிய வீடுகளைக் கட்டும் ஒரு பட்டறையில் வேலை பழக விரும்புகிறாள் என்றும், அந்த எண்ணம் தங்களுக்கு அடியோடு பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். செலவு, விசா, பெண் பிள்ளையின் பாதுகாப்பு எனப் பல காரணங்களை அடுக்கியிருந்தாலும், "லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வர எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை பிடித்தது, என் பிள்ளை காசு செலவழித்துப் போய்க் காம்பரா கட்டப் பழகுவதா" என்ற ஒரு வரியில்தான் தங்கள் மனம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆகவே மற்றவற்றை விட்டு அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லயத்து அறை என்பது ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. அதற்குள் ஒரு குடும்பம் சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது. அந்த அறையின் கொடுமை அதன் அளவில் மட்டும் இருக்கவில்லை. அதை வரைந்தவர் அங்கே வாழப் போகிறவரை ஒரு மனிதராக எண்ணவில்லை. எத்தனை கைகள் கொழுந்து பறிக்கும் என்று மட்டும் எண்ணினார். காற்று எங்கிருந்து வரும், அடுப்புப் புகை எங்கே போகும், வயதுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுவாள் என்ற கேள்விகள் அந்த வரைபடத்தில் இல்லை. காணியும் அவர்களுடையதல்ல. தங்கள் மகள் பழகப் போகும் வீடோ, அதில் வாழப் போகிறவரே கேட்டுக் கட்டுவிக்கும் வீடு. தரையின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்கே ஒரு கேள்வியும் பதிலும் உண்டு. இரண்டும் சிறியவை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. இந்திய உதவியுடன் மலையகத் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் கட்டப்படும் வீடு 550 சதுர அடி. கொழும்பிலே வனாத்தமுல்லையிலும் மாளிகாவத்தையிலும் நெருக்கமான நகரச் சேரிக் குடியிருப்புகளிலிருந்து தொடர்மாடிக்கு மாறிய குடும்பங்களும் சிறிய தளப்பரப்பில்தான் வாழ்கின்றன. நம்முடைய மக்களில் பெரும்பாலானோர் வாழ்வதும் வாழப் போவதும் சிறிய வீட்டில். அந்தச் சிறிய இடத்தை மரியாதையோடு வரையத் தெரிந்த கட்டடக் கலைஞர்கள் நம்மிடையே மிகக் குறைவு. தங்கள் மகள் அவர்களுள் ஒருத்தியாக வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம்.

அமெரிக்கர்கள் இதனை டைனி ஹவுஸ் என்கிறார்கள். தமிழில் நேராக மொழிபெயர்த்தால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் நான் சிற்றில் என்று எழுதுகிறேன். சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீட்டுக்குப் பழந்தமிழில் வழங்கிய சொல் அது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதிக்கோவையில், 2018 ஆம் ஆண்டுப் பதிப்பிலே இதற்கென ஒரு பின்னிணைப்புச் சேர்க்கப்பட்டது. மேல்தட்டின் பரப்பைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அடிக்கு மேற்படாத வீடு என்று அது வரையறுக்கிறது. 2008 ஆம் ஆண்டு வீட்டுக் கடன் நெருக்கடியில் ஏராளமானோர் வீடிழந்த பின்னர், கடனில்லாமல் ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம் பரவியபோது இந்த வீடுகளுக்கு மதிப்புக் கூடியது. ஆகவே இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

இனி, அவள் என்ன கற்பாள் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் முப்பது நாற்பது மாடிக் கட்டடங்களை வரையும் அலுவலகங்களிலே அமர்த்தப்படுகிறார்கள். ஒருவர் குளியலறை டைல்ஸ்களை எண்ணுவார், இன்னொருவர் கதவு அட்டவணையைத் திருத்துவார், மூன்று மாதம் முடிந்துவிடும். அத்திவாரம் போட்டபோது அவர்கள் அங்கே இல்லை, கூரை போடும்போதும் இருக்கமாட்டார்கள். சிற்றில் அப்படியல்ல. பத்து வாரத்தில் ஒரு முழு வீடு அடித்தளச் சட்டத்திலிருந்து கதவின் கைப்பிடி வரை ஒரே மாணவியின் கண் முன்னால் எழக்கூடும். மின்கம்பி போகும் வழியைத் தண்ணீர்க் குழாய் மறித்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பதை அவள் அந்த இடத்திலேயே நின்று தீர்க்க வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகே பலருக்குக் கிடைக்கும் அனுபவம் அது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். அந்த நாட்டு மரச்சட்டச் சுவரில் நிலைக்குத்துக் கட்டைகளைப் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்துகிறார்கள். ஏன் 16 என்று புத்தகத்தில் படிக்கும் மாணவி அதை மனப்பாடம் செய்வாள். கையில் பலகையைத் தூக்கிப் பிடித்தவளுக்கோ, சுவரை மூடும் பலகை நான்கடிக்கு எட்டடியில் வருகிறது என்பதும், 48 அங்குலமும் 96 அங்குலமும் பதினாறால் மீதியின்றி வகுபடுவதால் பலகையின் விளிம்பு எப்போதும் ஒரு கட்டையின் மேலேயே வந்து அமரும் என்பதும் தானாகவே விளங்கிவிடும். சக்கரத்தின் மேல் கட்டும் வீட்டுக்கு அகலம் எட்டரை அடி, உயரம் பல மாநிலங்களில் பதின்மூன்றரை அடி. தனி அனுமதி பெறாமல் நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்ல அனுமதிக்கும் எல்லை அது. அந்த எல்லைக்குள் படுக்கை, சமையல், குளியல் எல்லாம் அடங்க வேண்டும் என்றால், அரை அங்குலப் பிழைக்குக் கூட இடமில்லை. இவ்வளவு சிறிய அறையில் இருவரின் மூச்சுக் காற்றும் சோற்றுப் பானையின் ஆவியும் வெளியேற வழியில்லாவிட்டால் சுவரில் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டத்தை அவள் அங்கே அழகுக்காக அல்ல, தேவைக்காகக் கற்பாள். கொழும்பின் ஈரப்பதத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

எல்லாம் இங்கே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அவர்கள் பனிக்காகச் சுவருக்குள் பஞ்சு அடைக்கிறார்கள். நமக்கு வேண்டியது நீண்ட தாழ்வாரமும் கறையான் ஏறாத அடித்தளமும். கருங்கல் அத்திவாரமும் கபுக்கல் எனும் செம்புறைக்கல்லும் சீமெந்துக் கல்லும் அங்கே கையில் வராது. அவற்றை இங்கேதான் ஒரு மேசன் பாஸிடம் பழக வேண்டும்.

பெண் பிள்ளை சுத்தியல் பிடிப்பதா என்று தாங்கள் கேட்டதற்கு ஒரே ஒரு பெயரைச் சொல்கிறேன். கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா, பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராக 1948 ஆம் ஆண்டு தெரிவான முதல் ஆசியப் பெண். கண்டி நெசவாளர்களோடும் கைவினைஞர்களோடும் நெருங்கி வேலை செய்தவர். வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களில் வரைந்தபோது, அங்கே குடிவரவிருந்த குடும்பங்களிடம் எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்டறிந்தவர். தங்கள் மகள் செய்ய நினைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் குறிப்பிட்ட வாய்ப்பை அவள் ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாள்களைப் பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை பெற்று வெளிநாட்டுப் பட்டறையொன்றுக்குப் போன ஒரு மாணவன், முழுப் பயிற்சிக் காலத்தையும் மணல்தாள் தேய்ப்பதிலும் குப்பை அள்ளுவதிலும் கழித்துவிட்டுத் திரும்பினான். பயிற்சித் திட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லாதது என் தவறு. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதனால்தான் பின்வருவனவற்றில் கண்டிப்பாக இருக்கிறேன்.

முதலாவது விசா. சுற்றுலா விசாவில் வந்துவிடு, சம்பளம் இல்லை, தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம் என்று அந்தப் பட்டறை சொல்லுமானால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். வியாபார நிறுவனமொன்றில் உழைத்து அதற்கு ஈடாகத் தங்குமிடம் பெறுவதும் வேலைதான். சுற்றுலா விசா அதற்கு இடங்கொடுக்காது. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படக்கூடும், பிற்காலத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். சரியான வழி ஜே-1 பரிமாற்ற விசாவின் உள்ளகப் பயிற்சிப் பிரிவு. அமெரிக்காவுக்கு வெளியே உயர்கல்வி நிறுவனமொன்றில் படித்துக்கொண்டிருப்பவரும், படிப்பு முடித்து 12 மாதம் கடவாதவரும் அதற்குத் தகுதியுடையவர்கள். கட்டடத் தொழிலும் அந்தப் பிரிவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட துறைகளுள் ஒன்று. ஆனால் திறன் தேவைப்படாத வெறும் உடலுழைப்புக்கு இதனைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது.

இந்த விசாவைப் பட்டறையே வழங்க முடியாது. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அங்கீகரித்த ஓர் அனுசரணை அமைப்பு நடுவில் நின்று, டி.எஸ்.-2019 என்ற சான்றுப் படிவத்தை வழங்க வேண்டும். அதற்கு முன் டி.எஸ்.-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தை நிரப்பி, மாணவியும் பட்டறையும் அனுசரணை அமைப்பும் கையொப்பமிட வேண்டும். என்ன கற்பிக்கப்படும், யார் கற்பிப்பார், எப்படி மதிப்பிடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாரத்துக்குக் குறைந்தது 32 மணித்தியாலப் பயிற்சி இருக்க வேண்டும். சிற்றில் பட்டறைகள் பெரும்பாலும் ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறிய இடங்கள் என்பதால் இன்னொரு விதியையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது: 25 பேருக்குக் குறைவான ஊழியர்களையோ, ஆண்டுக்கு 30 இலட்சம் டொலருக்குக் குறைவான வருமானத்தையோ கொண்ட நிறுவனம், அந்த அனுசரணை அமைப்பின் திட்டத்தில் முன்பு வெற்றிகரமாகப் பங்கேற்றிருக்காவிட்டால், அமைப்பு நேரில் சென்று இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். "அனுசரணை அமைப்பு உங்கள் பட்டறையைப் பார்வையிட்டதா, எப்போது" என்று மகளை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான இடமானால் ஒரே நாளில் பதில் வரும்.

மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். ஒவ்வொரு விபத்துக்கும் அல்லது நோய்க்கும் குறைந்தது ஓர் இலட்சம் டொலர் வரை ஈடு செய்ய வேண்டும் என்பது ஜே-1 விதி. மேசை வாளும் ஆணித் துப்பாக்கியும் புழங்கும் இடத்தில் இது வெறும் சம்பிரதாயமல்ல. வாளைத் தொடுவதற்கு முன் எத்தனை நாள் பயிற்சி, கண்ணாடியும் காதடைப்பானும் யார் தருவார், கூரையில் ஏறும்போது விழாமல் காக்கும் உடற்பட்டி உண்டா, இதற்கு முன் பெண்கள் அங்கே பயின்றிருக்கிறார்களா, தங்குமிடக் கதவுக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா என்று அவள் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். இத்தகைய பட்டறைகள் காணி மலிவாகக் கிடைக்கும் நாட்டுப்புறத்தில் இருப்பது வழக்கம். அங்கே கொழும்பின் காலி வீதியில் போல ஐந்து நிமிடத்துக்கொரு பஸ் வராது. கார் ஓட்டத் தெரியாத பிள்ளை கடைக்கும் வைத்தியரிடமும் எப்படிப் போவாள் என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்வேன். சேமிப்பில் இருந்தால் செய்யுங்கள். இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம், வட்டிக்கு வாங்கவும் வேண்டாம். இந்தப் பயிற்சி பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கப்படுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள்.

தாள்கள் சரிவராவிட்டால் அவள் இந்த ஆண்டை இழந்துவிடப் போவதில்லை. தமிழ்நாட்டில் புதுச்சேரியை ஒட்டியிருக்கும் ஒரோவிலில் உள்ள புவி நிறுவனம், மண்ணை அழுத்திச் செய்யும் கற்களால் வீடு கட்டுவதைக் குறுகிய காலப் பயிற்சிகளில் கற்பிக்கிறது. நமது காலநிலைக்கு அது அமெரிக்க மரச்சட்டத்தை விட நெருக்கமானது. அதுவும் வேண்டாமென்றால், அட்டன் பக்கம் 550 சதுர அடி வீடுகள் எழும் ஓர் இடத்தில் ஒப்பந்தகாரரின் அனுமதியோடு பத்து வாரம் நிற்கட்டும். எந்த வழியில் போனாலும், புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் மொறட்டுவையில் ஒரு தச்சுப் பட்டறையில் உளியும் வாளும் பிடிக்கப் பழக வேண்டும் என்பது என் நிபந்தனை. தச்சுக்குப் பெயர் போன ஊர் பஸ் தூரத்தில் இருக்கும்போது, வெறுங்கையோடு போய் அந்நியரிடம் முதல் பாடம் கேட்கத் தேவையில்லை. அந்த இரண்டு வாரத்திலேயே கை சலித்துவிட்டால், அதுவும் அவளுக்கும் தங்களுக்கும் தெரிய வேண்டிய செய்திதான்.

பயிற்சித் திட்டப் படிவம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மகளோடு என்னிடம் வாருங்கள். மூவரும் அமர்ந்து வரி வரியாகப் படிப்போம். அதற்கு முன் வீட்டிலே ஒரு காரியம் செய்ய வேண்டும். வெண்கட்டியால் தரையில் எட்டரை அடிக்கு இருபதடியாக ஒரு சிற்றிலின் எல்லைக் கோட்டைப் போட மகளிடம் சொல்லுங்கள். அதன் பக்கத்திலே தாங்கள் பிறந்த காம்பராவைப் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகத் தாங்களே வரையுங்கள். அடுப்பு எங்கே இருந்தது, மழை எந்த மூலையில் ஒழுகியது, ஆச்சி எங்கே படுத்தார் என்பதை அவளுக்குக் காட்டுங்கள். அவள் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள், அவளை அதைக் குறித்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கல்வி, தொழில் வழிகாட்டல் ஆலோசகர்,
கொழும்பு