முட்டைக்கோழியின் வாலடியில் எச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, வாரந்தோறும் குளிப்பாட்டலாமா?

உங்களிடம் உள்ள மூன்று பெட்டைக்கோழிகளில் ஒன்றுக்கு மட்டும் வாலடியில் எச்சம் காய்ந்து ஒட்டுகிறது, முட்டையிலும் கறை படிகிறது, வாரம் ஒரு முறை குளிப்பாட்டினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது ஒட்டியிருப்பதை ஒரு முறை கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த வாரமும் அந்த இடம் அப்படியே ஆகிவிட்டால், வாளியை வைத்துவிட்டு அதன் தீனியையும் தண்ணீரையும் பாருங்கள். வயிறு சரியாக இருக்கும் கோழியின் எச்சம் திரண்டு விழும்; இறகில் படாது. நாமக்கல் மாவட்டத்தில் வீட்டின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு கோழிகளைப் பதினோரு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

கழுவுவதைத் தள்ளிப்போட முடியாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்சம் ஒட்டிய ஈர இறகில் ஈ முட்டையிட்டால், வெயில் காலத்தில் ஒரே நாளில் புழு பொரித்துத் தோலை அரிக்கத் தொடங்கிவிடும். என் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று இரண்டு நாளாகக் குறுகி உட்கார்ந்திருந்தது. இறகை விலக்கிப் பார்த்தபோது, கெட்டியான எச்சத்துக்கு அடியில் அரிசி மணி அளவில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தவரைக்கும் அது வெறும் அழுக்கு இறகாகத்தான் தெரிந்தது. ஆகவே அழுக்குக் கண்ணில் பட்ட அன்றே கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

வெயில் ஏறிய பிறகு, அகலமான ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொண்டு, இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்தபடி, பின்பாதி மட்டும் நனையுமாறு ஐந்து முதல் பத்து நிமிடம் கோழியை வைத்திருந்தால் கட்டி தானாக இளகிவிடும். பிய்த்து இழுக்கக் கூடாது. அங்கே தோல் மிக மெல்லியது, இறகோடு கிழிந்து வந்துவிடும். இளகாத கட்டியை இறகோடு சேர்த்துக் கத்தரித்துவிடலாம். ஆனால் ரத்த ஓட்டமுள்ள இளம் இறகின் தண்டில் கத்தரி படக் கூடாது. பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்து, முழுவதும் காயும் வரை தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். சிவந்த தோலோ ரத்தமோ தெரிந்தால் மற்ற கோழிகள் அந்த இடத்தையே கொத்தும். கையில் இருக்கும்போதே எச்சத்துவாரத்தையும் பார்த்துவிடலாம். முட்டையிடும் கோழிக்கு அது அகன்று, ஈரமாக, வெளிறிய இளஞ்சிவப்பில் இருக்கும். முட்டையை நிறுத்திய கோழிக்குச் சுருங்கி, வறண்டு இருக்கும். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது கோழிப்பேனின் முட்டை. துவாரத்தைச் சுற்றி வெள்ளைப் பசை போலப் படிந்து கெட்ட வாடை வீசினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அது தண்ணீரில் கழுவித் தீராது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோழிகள் இரவில் உட்காரும் கம்புக்கு அடியில் ஒரு பழைய சாக்கை விரித்து வையுங்கள். விடிந்ததும் அதைப் பார்த்தால், எந்த இடத்தில் உட்காரும் கோழிக்கு வயிறு எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பழுப்பும் பச்சையும் கலந்து திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருப்பதுதான் நல்ல எச்சம். அந்த வெள்ளை, சிறுநீரகத்திலிருந்து வரும் கழிவு. இடையிடையே களிம்பு போன்று பழுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் ஓர் எச்சம் விழும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு குருட்டுப் பைகளிலிருந்து நாளொன்றுக்குச் சில முறை வெளியேறுவது அது, இயல்பானதே. அடைக்கோழி கூட்டைவிட்டு எழுந்து வந்ததும் ஒரே கட்டியாக, நாற்றத்துடன் நிறையப் போடும்; அதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவை தண்ணீராகக் கழிவது, ரத்தம் கலந்து வருவது, பச்சையும் வெள்ளையுமாகப் பீச்சுவது, தின்ற தானியம் அரைபடாமல் முழுசாகவே வெளியே வருவது ஆகியவை.

தண்ணீராகக் கழிந்தால் உடனே மருந்தைத் தேடாமல், என்ன கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும். புரதம் கூடட்டும் என்று நான் ஒரு முறை சந்தையில் மலிவாகக் கிடைத்த கருவாட்டுத் தலைகளை இடித்துத் தவிட்டில் கலந்து வைத்தேன். இரண்டே நாளில் எல்லாக் கோழிகளும் தண்ணீர்த் தட்டை விட்டு நகராமல் குடித்தன. எச்சம் நீராக ஓடி, நான்கு பெட்டைகளுக்கு வாலடி ஒட்டிப்போனது. காரணம் நோயன்று, உப்பு. கருவாட்டை நிறுத்திய பிறகு எந்த மருந்தும் இல்லாமல் எச்சம் திரண்டது. வீட்டில் மிஞ்சும் குழம்புச் சோறு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. மோரும் அளவு மீறினால் கழியும்; பாலில் உள்ள சர்க்கரையைக் கோழியின் குடல் செரிப்பதில்லை. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் "கோழிதானே" என்று போட்டுவிடக் கூடாது. அதிலுள்ள நச்சு கல்லீரலைக் கெடுத்துவிடும். மனிதன் முகர்ந்து பார்த்து ஒதுக்கும் எதையும் நான் கோழிக்கு வைப்பதில்லை.

முட்டையிடும் கோழிக்கு அடிப்படைத் தீனியாக, 16 முதல் 18 சதவீதம் புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனம் நல்லது. கம்பு, சோளம், குருணை, முருங்கைக்கீரை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்னும் சிறு செடி ஆகியவற்றைக் கூடுதலாகத் தரலாம். அவையே முழுத் தீனியாகிவிடக் கூடாது. பல் இல்லாத பறவை என்பதால் தானியத்தை அரைக்க அதன் அரைவைப்பையில் சிறு கற்கள் வேண்டும். மண்ணைக் கிளறித் திரியும் கோழி அவற்றைத் தானே பொறுக்கிக்கொள்ளும். சிமெண்டுத் தரையிலோ மொட்டை மாடியிலோ வளர்த்தால், பருமணலும் பொடிக்கல்லும் ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வைக்க வேண்டும். கிளிஞ்சல் இந்த வேலைக்கு ஆகாது. அது வயிற்றில் கரைந்துவிடும். அது முட்டை ஓட்டுக்கானது. ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், மாலையில் கிளிஞ்சல் தட்டைத் தனியாக வைத்தால் தேவையுள்ள கோழி தேடி வந்து தின்னும்.

தீனிப்பையையும் தொட்டுப் பழகுங்கள். கழுத்துக்குக் கீழே மார்பின் வலப்பக்கமாக இருக்கும் அந்தப் பை, இரவு அடையும்போது நிறைந்தும், காலையில் தீனிக்கு முன் காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் கல்லாகவோ, தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று புளித்த வாடையுடனோ இருந்தால் செரிமானம் அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். நீளமான புல், வைக்கோல், வாழை நார் ஆகியவை உள்ளே சுருண்டு அடைத்துக்கொள்வதுண்டு. கீரையை எப்போதும் பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும்.

ஒரு கோழி நாளைக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அதைவிட அதிகம். அப்போது எச்சம் சற்று நீர்த்துப்போவது நோயாகாது. தட்டைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் அதில் எச்சம் விழாது. தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலால் தடவும்போது வழுக்கினால் அது சுத்தமில்லை.

கொட்டகைத் தரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ கடலைத் தோலோ பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால் போதும். ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தும்போது உருண்டையாகப் பிடித்தால் ஈரம் அதிகம். அதை அள்ளி மாற்ற வேண்டும். முட்டைப் பெட்டியில் இரவு உறங்க விடாதீர்கள். முட்டையில் கறை படிவதற்கு இதுவும் ஒரு காரணம். உட்காரும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருந்தால் கோழி அங்கேயே போய் அடையும். உடல் சுத்தத்துக்குக் கோழிக்குத் தண்ணீர்க் குளியலே தேவையில்லை. மழை படாத ஓர் இடத்தில் உலர்ந்த செம்மண், மணல், விறகுச் சாம்பல், வேப்பிலைத் தூள் கலந்து ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டால் போதும். இறகெல்லாம் சிலிர்த்து அதில் புரண்டு எழும் கோழிக்குப் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் பேனும் குறையும்.

இத்தனையும் சரிசெய்து நான்கைந்து நாளில் எச்சம் திரளவில்லை என்றால் குடற்புழு இருக்கலாம். ரத்தம் கலந்த கழிச்சல், ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் குறிப்பாகக் குஞ்சுகளுக்கு வரும். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சலுடன் கோழி தூங்கி வழிந்தால், கழுத்தைத் திருகினால், அது ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கக்கூடும். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி மட்டுமே உண்டு. வெங்காயமும் மஞ்சளும் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். உங்கள் மூன்றுக்கும் போடவில்லை என்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். போகும்போது அந்தக் கோழியின் அன்றைய எச்சத்தைச் சுத்தமான சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிட முடியும். மருந்து எழுதித் தந்தால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.