வீரன் பெட் கட்டினால் யாரைக் கேட்பது? ஒரு கரையோர ரசிகரின் கேள்வி பதில்

தூத்தூர் கரையிலிருந்து பொழியூர் வரை, தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பந்துப் பிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெட் கட்டித் தடை வாங்கிய இரண்டு கால்பந்து வீரர்களைப் பற்றித்தான் பேச்சு தொடங்கியது: நியூகாசில் வாங்கிய இத்தாலிய வீரர் டோனாலி, பிரென்ட்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் கிளப்பில் ஆடிய ஐவன் டோனி. பதில் சொல்பவர், பழைய நட்சத்திரம் ஷியரர் காலத்திலிருந்து நியூகாசில் என்ற இங்கிலாந்துக் கிளப்பின் ரசிகர். கரைப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுப்பவர்.

கொல்லங்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணே, டோனாலி, ஐவன் டோனி எல்லாம் வாங்குற சம்பளத்துக்கு நம்ம ஊர்ல ஒரு குடும்பம் காலம் முழுக்கச் சாப்பிடலாம். பின்ன எதுக்கு பெட் கட்டணும்? கொழுப்புதானே?

கொழுப்பு இல்லை மக்களே. பணத்துக்காகச் சூதாடுகிறவன் பணம் கிடைத்ததும் எழுந்து போய்விடுவான். இவர்களால் எழுந்து போக முடியவில்லை. ஆண்ட்ராஸ் டவுன்சென்ட் என்று ஒரு இங்கிலாந்து வீரர், 2013-ல் பெட்டிங் விதியை மீறியதற்காகத் தடை வாங்கியவர். ஒரே இரவில் 46,000 பவுண்டு விட்டதைப் பின்னாளில் அவரே வெளியே சொன்னார். மறுநாள் ஆட்டம், ஹோட்டல் கட்டிலில் படுத்தபடி கையில் போன். அவ்வளவுதான் நடந்தது. இருபது வயசுப் பையன், காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி, மீதி நாள் முழுக்க வேலையில்லை, கூட வீட்டு ஆள் யாரும் இல்லை, அக்கவுண்டில் எண்ணிப் பார்க்காத பணம். இதைச் சூதாட்டக் கம்பெனிகள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன.

சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. டோனி 232 விதிமீறல்களை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவ நிபுணர் சொன்னதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டு, 11 மாதத் தடையை 8 ஆகக் குறைத்தது. இத்தாலிக்காரர்கள் டோனாலிக்கு 10 மாதம் விளையாடத் தடை போட்டார்கள். அதோடு சிகிச்சை எடுக்க வேண்டும், 16 இடங்களில் போய்ப் பேச வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. தண்டனையும் மருந்தும் ஒரே தாளில் இருந்தன.

நித்திரவிளை, ஆட்டோ ஓட்டுநர்: தன் டீம் ஜெயிக்கும்னுதானே டோனாலி கட்டினாரு. தோக்கும்னு கட்டலியே. அதுல என்ன தப்பு அண்ணே?

தப்புதான். டிரெஸ்ஸிங் ரூமில் யாருக்குக் காயம், யார் நாளைக்கு இறங்கமாட்டான் என்பது வீரனுக்குத் தெரியும், எதிரே பணம் வைப்பவனுக்குத் தெரியாது. இன்னொன்று, வாராவாரம் தன் அணி மேல் கட்டுகிறவன் ஒரு வாரம் கட்டாமல் விட்டால், அதைப் பார்க்கிற, பந்தயம் நடத்தும் புக்கிக்கு அதுவே தகவல். கடன் ஏறிவிட்டால் அவன் யார் சொல்வதைக் கேட்பான் என்று சொல்ல முடியாது. இதனால்தான் 2014 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் வீரர்கள் உலகத்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் கட்டக்கூடாது என்றானது.

ஆனால் கட்டுவதும் விற்பதும் ஒன்றல்ல. டோனி முன்பு தன் கிளப் தோற்கும் என்று 13 தடவை கட்டியிருந்தார். கேட்கவே கசப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை, பெரும்பாலானவை நடந்தபோது வேறு கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, போயிருந்தார். ஆட்டத்தை விற்றார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. டீக்கடையில் பேசும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு 'எல்லாரும் கள்ளன்மார்' என்று முடித்துவிடுகிறோம். விற்காத ஒருவனை விற்றவன் என்று சொல்வது பெரிய பாவம்.

பொழியூர், ஒரு தாய்: என் மகன் நல்லா பந்து விளையாடுவான். இப்ப போன்ல 'ஐடி' வாங்கி பெட் கட்டுறான்னு கூட்டுக்காரப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். என் வளையலை அடகு வெச்சிட்டான். அவன் அப்பா கடலுக்குப் போயிருக்காங்க, வர இன்னும் நாள் ஆகும். என்ன செய்யட்டு?

அம்மா, முதலில் இந்த 'ஐடி' என்ன என்று சொல்கிறேன், மற்ற வீட்டாருக்கும் தெரியட்டும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு நம்பர் வரும். ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் போட்டால் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் தருவார்கள். போட்ட பணம் பாயின்டாக ஏறும். தொடக்கத்தில் ஜெயிப்பான். ஜெயித்த பணம் சொன்ன நேரத்தில் அக்கவுண்டுக்கு வந்துவிடும். அதுதான் தூண்டிலில் மாட்டிய இரை. பிறகு தோல்வி தொடங்கும். 'விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடுறேன்' என்பான். இந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து வந்தாலும், அந்த வீட்டில் நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பச் சொல்லும் அக்கவுண்டின் பெயர் அடிக்கடி மாறும். அவை பெரும்பாலும் யாரோ ஏழைப் பிள்ளைகளிடம் வாடகைக்கு வாங்கிய அக்கவுண்டுகள். உங்கள் மகன் தன் அக்கவுண்டை யாருக்காவது கொடுத்திருக்கிறானா என்று இன்றைக்கே கேளுங்கள். கொடுத்திருந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது அவனைத்தான்.

இனி செய்ய வேண்டியது. அடிக்காதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் செய்வான், அன்று ராத்திரியே உடைப்பான், உடைத்த வெட்கத்தில் இன்னும் கட்டுவான். மொத்தக் கடன் எவ்வளவு, யார் யாருக்கு என்று அவன் கையால் ஒரு தாளில் எழுத வையுங்கள். லோன் ஆப்பில் வாங்கியதைத் தனியே எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் கடைசி வரை மறைப்பது அதைத்தான். மீதி நகையை விற்று ஒரே நாளில் கடனை அடைத்துவிடாதீர்கள். கடன் முடிந்த மறுநாளே அவன் கண்ணுக்குப் புதுக் கணக்கு தொடங்கியது போல் ஆகிவிடும். பேங்கில் சொல்லி யுபிஐ வரம்பைக் குறையுங்கள், அல்லது கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிடுங்கள். அந்த ஐடி தந்த நம்பரை பிளாக் பண்ணுமுன் உரையாடலைப் படம் பிடித்து வையுங்கள்.

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். நீங்களும் பேசலாம், அவன்தான் பேச வேண்டும் என்றில்லை. பணம் ஏமாற்றிப் பிடுங்கியிருந்தால் 1930, சைபர் மோசடிப் புகார் எண். மிரட்டுகிறவனுக்குப் பயந்து போலீசுக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடுவதை நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்கிறது. விளையாடிய பிள்ளையை அது குறிவைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் விளையாடியவருக்கும் சிறு தண்டனை இருக்கிறது. அவன் இங்கே எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து கட்டியிருந்தால் ஒரு வக்கீலையும் கூட அழைத்துப் போங்கள்.

அவன் அப்பா கரைக்கு வந்ததும் நான் வந்து பார்க்கிறேன். அதுவரை பயலைப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள். மைதானத்தில் நிற்கும் நேரம் முழுக்க அவன் போனைத் தொடமாட்டான்.

பாறசாலை, வியாபாரி: தமிழ்நாட்டுல 2003-லயே லாட்டரி போச்சு. ஆனா களியக்காவிளை தாண்டினதும் சீட்டுக்கடை வரிசை. தமிழ்நாட்டுக்காரங்கதான் எங்க கடையில பாதிக் கூட்டம். பெட்டிங் ஆப்பைத் திட்டுற நீங்க இதை ஏன் பேசறதில்ல?

பேசுகிறேன். கேரள அரசு 1967-ல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் அரசு லாட்டரி. அந்தப் பணத்தில் காருண்யா நிதி வழியாகப் பலருக்கு சிகிச்சை நடந்தது, உண்மை. ஆனால் வாங்குகிறவர் யார் என்று கடை முன்னால் நின்று பார்த்தால் தெரியும். கூலிக்காரர், மீன் சுமக்கிற அம்மா, தோட்ட வேலைக்கு வந்தவர். இல்லாதவனிடம் வசூலித்து இல்லாதவனுக்கு மருந்து கொடுப்பதை நான் கொண்டாடமாட்டேன். ஆப் அதைவிட மோசம் என்று சொல்வதற்குக் காரணம் வேகம். சீட்டு பகல் குலுக்கலோடு நாளைக்கு ஒரு தடவை முடியும். ஆப்பில் ஒரு கார்னர் கிக்குக்கும் அடுத்த கார்னர் கிக்குக்கும் நடுவில் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

மார்த்தாண்டம், பழைய விளையாட்டுக்காரர்: சம்பளமே தராத கிளப்பில் ஆடுகிறவன், வீட்டில் பசி, அவன் ஒரு ஆட்டத்தை விற்றால் மன்னிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபின்லாந்தில் ரோவனியெமி என்ற ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில். அங்குள்ள சின்னக் கிளப்பில் ஜாம்பியாவிலிருந்து போன பிள்ளைகள் ஆடினார்கள். அவர்களை விலைக்கு வாங்கியவர் நம்ம இனத்துக்காரர்தான், சிங்கப்பூர்த் தமிழர் வில்சன் ராஜ் பெருமாள். 2011-ல் பிடிபட்டு அங்கேயே தண்டனை பெற்றார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைகளை அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது. அதற்கடுத்த ஆண்டு ஃபிஃப்ப்ரோ என்ற வீரர் சங்கம், கிழக்கு ஐரோப்பாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களிடம் கேட்டதை வெளியிட்டது. நூற்றுக்கு 41 பேருக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. ஆட்டத்தை விற்கச் சொல்லி அணுகப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இப்படிச் சம்பளம் தள்ளிப்போனவர்கள்.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. டிவியில் வருகிற வீரனுக்கே அந்த நிலை. நம்ம கரையில் கெஸ்ட் பிளேயராக ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, பஸ் ஏறிப் போய், தோற்றால் பாதிப் பணம் வாங்கித் திரும்புகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? இரவிபுத்தன்துறையிலிருந்து போய் ஐஎஸ்எல் ஆடிய மைக்கேல் சூசைராஜுக்கு 2020 சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்ச் சீசன் முடிந்தது. பந்து வாழ்க்கை அப்படி ஒரு நொடியில் நிற்கக்கூடியது. முன்பெல்லாம் பேங்க், ரயில்வே, போலீஸ் அணிகளில் ஒரு வேலை கிடைத்தால் அறுபது வயசு வரை சோறு நிச்சயம். திருவாங்கூர் ஸ்டேட் பேங்க் 2017-ல் எஸ்பிஐயோடு சேர்ந்தபோது இந்தக் கரையில் பல அப்பன்மார் வருத்தப்பட்டது பேங்குக்காக இல்லை.

இத்தனையும் தெரிந்தும் என் பதில், மன்னிக்க முடியாது என்பதுதான். அவன் விற்பது அவன் பொருளை அல்ல. கூட ஆடும் பத்துப் பேரின் உழைப்பை விற்கிறான், அவர்களும் அவனைப் போலவே பசித்தவர்கள். பந்தல் ஓரத்தில் வெயிலில் நிற்கும் பெரியவர் அன்றையப் பங்குப் பணத்தில் டிக்கெட் எடுத்தவர். 1962-ல் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணியின் ஸ்வான், கே, லேன் என்ற மூன்று பேர் தங்கள் அணி தோற்கும் என்று ஆளுக்கு ஐம்பது பவுண்டு கட்டினார்கள். 1965-ல் நான்கு மாதச் சிறை, ஆயுள் தடை. 1972-ல் தடையை நீக்கினார்கள், ஆனால் நல்ல வயசு போய்விட்டது. ஐம்பது பவுண்டுக்கு.

ஆனால் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் விற்ற பிள்ளையுடையதாக இருக்கக்கூடாது. சம்பளம் தராமல் ஆட வைத்த கிளப் முதலாளி, தெரிந்தும் கிளப்புக்கு உரிமம் புதுப்பித்த சங்கம், இவர்களுக்குப் பிறகுதான் அவன் பெயர் வர வேண்டும். இன்றைக்கு அவன் பெயர் மட்டும்தான் வருகிறது.

சின்னத்துறை: பிரீமியர் லீக் சட்டையிலேயே பெட்டிங் கம்பெனி பேரு இருக்கே அண்ணே?

இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். டோனி தடை வாங்கியபோது அவர் கிளப் சட்டையின் நெஞ்சில் இருந்தது பெட்டிங் கம்பெனி. நான் நேசிக்கும் நியூகாசிலும் 2023 வரை அப்படித்தான் இருந்தது. 2025-26 சீசனோடு நெஞ்சில் போடுவதை நிறுத்துவதாகக் கிளப்புகள் 2023-ல் முடிவெடுத்தன. கைப்பகுதியைப் பற்றிப் பேச்சில்லை. நம் நாட்டில் 'நியூஸ்' என்று ஒரு வால் சேர்த்து அதே பெயர்கள் வந்தன. 2022-ல் ஒன்றிய அரசு, இந்த விளம்பரங்கள் வேண்டாம் என்று எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

வள்ளவிளை, டோர்னமென்ட் கமிட்டி: நம்ம ஊர்ப் போட்டியிலயும் சுற்றி நின்று ஐந்நூறு, ஆயிரம்னு கட்டுறாங்க. திருவிழா சமயம், போலீசைக் கூப்பிட்டா சண்டை ஆகும்.

போலீஸ் வேண்டாம், மைக் போதும். பங்குத்தந்தையையோ ஊர்ப் பெரியவரையோ முதல் நாளே பேச வையுங்கள். கட்டுகிறவர்களை உங்களுக்கே தெரியும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரெஃபரிக்கும் கெஸ்ட் பிளேயருக்கும் பேசிய பணத்தை ஆட்டத்துக்கு முன்பே கவரில் கொடுத்துவிடுங்கள், ஜெயிப்பு தோல்வியோடு முடிச்சுப் போடாதீர்கள். 2024-ல் டெல்லி லீக்கில் தங்கள் வலையிலேயே வேண்டுமென்றே அடித்ததாகத் தெரிந்த செல்ஃப் கோல்கள் நாடு முழுக்கப் போனில் சுற்றின. அதுவும் ஒரு உள்ளூர் லீக்தான்.

பூத்துறை: டோனாலி திரும்பி வந்தப்ப கைதட்டினீங்களா?

எழுந்து நின்று தட்டினேன். 2024 ஆகஸ்டில் திரும்பினார், 2025 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை ஜெயித்த அணியில் இருந்தார். உள்நாட்டுக் கோப்பை ஒன்று எங்களுக்கு 70 வருஷத்துக்குப் பிறகு. மறைக்காமல் ஒப்புக்கொண்டார், சிகிச்சை எடுத்தார், தண்டனையை முழுக்க முடித்தார். அவருக்கு அவ்வளவு ஆள் பலமும் வைத்தியமும் கிடைத்தன. பொழியூர் அம்மாவின் மகனுக்கும் அதே கைதட்டல் கிடைக்க வேண்டும் என்கிறேன்.

மார்த்தாண்டன்துறை, 17 வயது வீரர்: மாமா, மலப்புறத்துல ஏழு பேர் ஆடுற செவன்ஸ் பந்து சீசனுக்குக் கூப்பிடுறாங்க. வீட்டுல கடன் இருக்கு. போகட்டா?

போ மக்களே, ஆனால் பரீட்சை முடிந்து போ. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு, காயம்பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள். பணம் உன் அம்மா அக்கவுண்டுக்கு வரட்டும். உன் அக்கவுண்டையோ சிம்மையோ கேட்கிறவன் யாராக இருந்தாலும் கொடுக்காதே. 'முதல் பாதியில் ஒரு மஞ்சள் கார்டு வாங்கு, ஐயாயிரம்' என்று யாராவது சொன்னால், அன்று ராத்திரியே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறு. டிக்கெட்டுக்குக் காசு இல்லையென்றால் எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும்.