வரப்பில் பறித்த மூலிகையை வீட்டு மருந்தாக்கலாமா?

காட்டு மூலிகை என்றால் யாரும் விதைக்காமல் வரப்பிலும் தோப்பிலும் தானாக முளைக்கும் மருந்துச் செடி. மருந்துவாழ் மலை நிற்கும் குமரி மாவட்டத்தில் அதைப் பறிப்பது புதிதல்ல. ஆனால் பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி சுரக்கும் பொருள்தான் பெரும்பாலும் நமக்கு மருந்தாகிறது; அளவு கூடினால் அதுவே நஞ்சு. இரண்டு தோட்டத்துக் காந்தாரி மிளகாயில் காரம் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? மண்ணும் பருவமும் மாறினால் மூலிகையின் வீரியமும் அப்படியே மாறும்.

எனக்குப் பெரிய கவலை அடையாளப் பிழைதான். கீழாநெல்லியின் இலைக் குச்சிக்கு அடியில் கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். காய் தெரியாத இளஞ்செடியைப் பறிக்காதீர்கள். செங்காந்தள் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து அவித்தாலும் அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு போகாது, உயிரையே எடுத்துவிடும். பூச்சிமருந்து அடித்த வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் பறிக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குடிக்கக்கூடாது.

“மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும்” என்று பலர் நம்புவது தவறு: காமாலை நோயல்ல, அறிகுறி, பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், அந்த அடைப்பை இலைச்சாறு நீக்காது.